பங்கஜவல்லி பெயருக்கு ஒரு புரோஃபார்மா

சேசு மரி சூசை துணை

தருமபுரம், காரைக்கால்
20.9.1978

அன்பு மகன் சவரிநாதனுக்கு அப்பா லூர்துநாதன் எழுதுவது. நானும் உன் தங்கை செல்வியும் சுகம். லியோனில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டை போடாமல் வேலைக்குப் போகாதே.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கோட்டுச்சேரி மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன், மழைக்கு முன் முடித்துவிடுவார்கள்.

உன் கடிதத்தில் "நான்தான் அம்மாவைக் கொன்றுவிட்டேன்" என்ற வரிக்கு மேல் செல்வியால் படிக்க முடியவில்லை. நான் வாங்கிப் படித்தேன்.

நேராகவே பேசிவிடுவோம். இதயம் சீராகத் துடிக்க அம்மா நெஞ்சில் வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னார். அங்கே அதைச் செய்யும் கம்பெனியில் கேட்டு நீ வாங்கி அனுப்பியது பிரெஞ்சில் ஃபக்த்யூர், அதாவது பில். பாங்கில் தியாகராசன் சார் பார்த்துவிட்டு, "இது வித்த சாமானுக்குப் போடுற பில்லுங்க. இதை வச்சு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி கிடைக்காது. சாமானை அனுப்புறதுக்கு முன்னாடியே இன்ன கருவி, இன்ன விலை, இன்ன நோயாளிக்குன்னு கம்பெனி எழுதித் தர்ற புரோஃபார்மா வேணும்" என்றார். அந்த வித்தியாசம் நம் யாருக்கும் தெரியாது. நீ மறுபடி அலைந்து வாங்கி அனுப்பினாய். அனுமதி கிடைத்த வாரம் அம்மா போய்விட்டாள்.

நாள் வீணானது உண்மைதான். இல்லை என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனால் முதல் தாள் திரும்பியதை அம்மாவிடம் சொன்னபோது, "பாவம், பிள்ளை திரும்பவும் லீவு போட்டு அலையணுமே" என்றுதான் வருந்தினாள்.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் நெடுங்காட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பங்கஜவல்லி, கைக்குழந்தைக்காரி. அவளுக்கும் இதே வியாதி. அம்மா அவளுக்குத் தலை வாரிவிடுவாள். அவள் அப்பா சோமசேகரன் பூசையன்று வந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு, "கேக்கவே கூசுதுங்க. அந்தத் தாளை எப்படிங்க வாங்கினீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைக் கேட்க இந்த நாள்தானா கிடைத்தது என்று உள்ளே போய்விட்டேன். செல்விதான் இலை போட்டு அவரை உட்காரவைத்தாள். அவர் சோற்றைத் தொடாமல் அழுதாராம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே மகள் மயங்கி விழுந்தாளாம். பிள்ளைக்கு நெற்றியில் தையலாம். செல்வி வந்து சொன்னதும் நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் அவரைப் பாங்குக்கு அழைத்துப்போனேன். அம்மா பெயரில் வந்த தாள் உதவாது. பங்கஜவல்லி பெயரில் புதிதாக வேண்டும். பணத்துக்கு அவர் ஏற்பாடு செய்துவிட்டார்.

அந்தக் கம்பெனி வாசலை மறுபடி மிதிக்க உனக்கு எப்படியிருக்கும் என்று தெரியும். இருந்தும் கேட்கிறேன். அவர்களுக்கு அங்கே வேறு யாரும் இல்லை. டாக்டர் எழுதிய விவரம் இத்துடன் இருக்கிறது. தலைப்பில் புரோஃபார்மா என்று இருக்கிறதா பார்த்து வாங்கி, அன்றே தபாலில் சேர்.

அப்பா

தருமபுரம்
26.2.1979

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய தாளில் தியாகராசன் சார் ஒரு குறையும் சொல்லவில்லை. கருவி வந்து, போன மாதம் மெட்ராஸில் பங்கஜவல்லிக்கு வைத்துவிட்டார்கள்.

நேற்று அவள் குழந்தையோடு வந்தாள். செல்வியின் கையை எடுத்துத் தன் தோளுக்குக் கீழே, கருவி இருக்கும் இடத்தில் வைத்துக் காட்டினாள். செல்வி தேம்பிவிட்டாள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அம்மா கல்லறையைப் பார்க்கவேண்டும் என்றாள். கூட்டிப்போனோம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான்தான் மூச்சு வாங்கிப் பின்னால் போனேன். திரும்பும் வழியில், "அண்ணன் எப்பங்க வருவாங்க?" என்று கேட்டாள்.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு, பாஸ்குப் பண்டிகைக்கு லீவு கேட்டுப் பார். இந்த வீட்டில் உன்னை நிறுத்திக் கேள்வி கேட்க யாருமில்லை, மகனே. சாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வா.

உன் அப்பா
லூர்துநாதன்