இரண்டாவது குச்சி இல்லாத வண்டி

நீ காத்துக்கிடந்த பிக்கப் வந்துவிட்டது. போன சனிக்கிழமை உன் மனைவியோடு பெட்டாலிங் ஜெயா ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த அந்த வாடை அடித்தது. என் கடையில் புதுக் கால்மிதிகளைப் பிரிக்கும்போது நீ மூக்கை நீட்டிக்கொண்டு வருவாயே, அதே வாடை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றபடி போனவர்களுக்கு மடல் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நீ செய்துவைத்த முன்பதிவு உன் பெயரிலேயே இருந்தது. முறை வந்துவிட்டது என்று ஷோரூமிலிருந்து போன் செய்திருக்கிறார்கள். நீ இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. உன் மனைவி விஷயத்தைச் சொன்னதும், அவள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் ஒரு வாரத்தில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்களாம். அன்று சாயந்திரமே கிளினிக் சீருடையோடு கிள்ளானில் என் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க வந்து பாருங்க. இது அவரு கேட்ட வண்டிதானான்னு மட்டும் சொல்லுங்க. ஆமான்னா எடுக்கறேன். மாசாமாசம் கட்டறது என் சம்பளத்துல முடியும். இல்லன்னா விட்டுடறேன்."

என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி. கம்பெனிக்காரன் எதை வைக்காமல் விடுகிறானோ அதை விற்றுத்தான் நான் சாப்பிடுகிறேன். இரும்பு பம்பர், சேற்றிலிருந்து கம்பி சுற்றி இழுக்கும் வின்ச், உயர ஸ்பிரிங், அடித்தகடு எல்லாம் வண்டியிலேயே வந்துவிட்டால் என் கடையில் என்ன வேலை? நீயோ அப்படி ஒரு வண்டிக்காகத்தான் வருடக்கணக்கில் காத்திருந்தாய். அதையும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே சொல்வாய்.

"ஒரு நாள் வரும்டா. சாவி வாங்கி நேரா சேத்துல இறக்கிடலாம். உன் கடைப் பக்கமே வர வேணாம்."

"அப்ப தே தாரிக் குடிக்க எங்க போவ?"

"அதுக்கு மட்டும் வரேன் லா."

பழைய டயர் புரட்டிப் பிழைக்க ஆரம்பித்தவன் நான். இல்லாத பொருளுக்கு ஆசைப்படுகிறவர்களை அப்போதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் சேற்றில் வண்டி இறக்கும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் போல ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு முழுக்க இன்னும் வராத வண்டியைப் பற்றித்தான். ஒருவனுக்கு அது குட்டையாக வரவேண்டும், இன்னொருவனுக்கு இன்ஜின் பெரிதாக வேண்டும். உனக்கு டீசல், கிளச், தரையில் இரண்டு கியர் குச்சி. சாலையில் ஓட்ட ஒன்று, சேற்றிலும் மேட்டிலும் வண்டியை ஆமை வேகத்துக்கு இறக்க இன்னொன்று. அந்த இரண்டாவது குச்சி இல்லாத வண்டியை நீ வண்டி என்றே ஒத்துக்கொள்ளமாட்டாய்.

"பட்டனை அமுக்கினா எவனோ செய்யறான். குச்சியை இழுத்தா நான் செய்யறேன்," என்பாய்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பழைய கியர்பாக்ஸ் எடுக்கப் போனோமே, அந்த மத்தியானம் ஞாபகம் வருகிறது. சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது கறுப்பு வெள்ளை ஸ்டிக்கரால் உடம்பு முழுக்க மறைத்த ஒரு பிக்கப் நம்மைக் கடந்து போனது. சோதனை ஓட்டத்தில் இருந்த வண்டி. நீ உடனே நம் வண்டியை அதன் பின்னால் திருப்பிவிட்டாய். கடை மூடிவிடுவான் என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை. அது ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்தது, ஓட்டுநர் இறங்கிக் கடைக்குள் போனார். அடுத்த நிமிடம் நீ எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து, தலையை வண்டிக்கு அடியில் விட்டிருந்தாய்.

ஓட்டுநர் கையில் ரொட்டியோடு திரும்பி வந்தார். "அபாங், சாரி அப்பா?" என்ன தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார்.

"டூயிட் ஜாத்தோ," என்றாய் அடியிலிருந்தே. காசு விழுந்துவிட்டதாம்.

அவர் உன் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு தூணில் சாய்ந்துகொண்டு, ரொட்டி முழுவதையும் நிதானமாகத் தின்று முடித்த பிறகுதான் சாவியை எடுத்தார். அவரும் நம்மைப் போல ஒரு ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

நீ எழுந்தபோது சட்டை முதுகு கறுப்பாக இருந்தது.

"பின்னாடி பட்டை ஸ்பிரிங்டா. தடியா, நல்லா இருக்கு."

"குச்சி இருக்கா?"

"அடியிலேர்ந்து எப்படித் தெரியும்? கண்ணாடி எல்லாம் கறுப்பு."

"அப்ப எதுக்குடா சட்டையைக் கெடுத்த?"

"பாதி தெரிஞ்சிருச்சுல்ல."

ஸ்ரீ கெம்பாங்கானில் கடை மூடியிருந்தது. மறுநாள் நான் தனியாகப் போய் எடுத்து வந்தேன். அந்தப் பாதியை நம்பித்தான் நீ முன்பதிவு செய்தாய். வண்டி வருவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஷோரூமில் இருந்த விற்பனைப் பெண் திரையைக் காட்டினாள், கேமராவைக் காட்டினாள், போன் சார்ஜ் ஏறும் இடத்தைக் காட்டினாள். நான் பளிங்குத் தரையில் படுத்துவிட்டேன்.

"அங்கிள், ஏதும் மயக்கமா?"

"இல்லம்மா, அடியைப் பார்க்கறேன்."

"அடியில ஒண்ணும் இல்ல அங்கிள். எல்லாம் மேலதான்."

அடியில் எல்லாம் இருந்தது. நல்ல கனத்தில் இரும்புத் தகடு. இழுவைக் கொக்கிகளை பம்பரில் இல்லாமல் சட்டகத்திலேயே பூட்டியிருந்தார்கள். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதற்கான பூட்டும் கம்பெனியிலிருந்தே வருகிறது. என் கடைச் சரக்கில் பாதியை அங்கே மல்லாந்தபடி பார்த்தேன்.

பிறகு உள்ளே ஏறினேன். கிளச் இல்லை. ஆட்டோ கியர். இரண்டாவது குச்சி இருக்கவேண்டிய இடத்தில் அடுப்புத் திருகு போல வட்டமாக ஒரு குமிழ்.

"மேனுவல் வராதா?" என்று கேட்டேன்.

"நம்ம ஊருக்கு இல்ல அங்கிள். யாரும் கேக்கறதில்ல."

கேட்டவன் ஒருவன் இருந்தான் என்று சொல்லியிருக்கலாம். குமிழை ஒரு சுற்றுத் திருகிப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

உன் மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன். "அடியில அவன் கேட்டதெல்லாம் இருக்கும்மா. மேல இல்ல. குச்சி இல்ல, கிளச் இல்ல. அவன் வந்திருந்தா இங்கேயே சண்டைதான்."

எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கிளச்சே இல்லியா அண்ணே?"

"இல்ல."

"அப்ப நான் ஓட்டலாம்."

கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "அவரோட பழைய வண்டில எத்தனை வருசம் பக்கத்துல உக்காந்தேன். ஒரே ஒரு தடவை ஓட்டக் கொடுத்தாரு. மேட்டுல நின்னுபோச்சு. கத்து கத்துன்னு கத்திட்டு, எறங்குன்னாரு. அப்புறம் நான் கேக்கவே இல்ல."

இது எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை. ஒட்டுக்கடையில் இத்தனை வருடம் குச்சியைப் பற்றிப் பேசினோம், பக்கத்து இருக்கையைப் பற்றி எவனும் பேசியதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ கேட்ட வண்டி வரவில்லை. வந்திருப்பது அவள் ஓட்டக்கூடிய வண்டி. அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து பால் போடாத தே ஓ குடிக்கும்போது உன் பழைய வண்டியைப் பற்றிக் கேட்டாள்.

"நீங்க எடுத்தா வெட்டிடுவீங்கதானே?"

"அந்த மாடல் முழுசா போறதவிட துண்டு துண்டாத்தான் நல்லாப் போகும்மா. கியர்பாக்ஸுக்கு மட்டும் மூணு பேரு கேட்டுட்டாங்க."

"வெட்டாம எடுத்துக்கறதுன்னா?"

வியாபாரமாகப் பார்த்தால் முட்டாள்தனம். கோப்பை காலியாகும்வரை யோசித்தேன்.

கூட்டம் இப்போதே அடுத்த வண்டியைப் பற்றி ஆரம்பித்துவிட்டது. அதில் கட்டாயம் குச்சி வருமாம். முன்பு என்றால் கேலி செய்திருப்பேன். இப்போது யாராவது கேட்டால் "ஒரு நாள் வரும்" என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல அங்கே ஒருவன் வேண்டியிருக்கிறது, சொல்கிறேன்.

உன் மனைவியோடு பேசி முடித்தது இது. பழைய வண்டி முழுசாக எனக்கு. நான் இருக்கும்வரை அதை வெட்டக்கூடாது, கடைச் சரக்கு ஏற்ற ஓடும். பதிலுக்குப் புது வண்டிக்குச் சேற்று டயர் நான்கும் ஒரு வின்ச்சும் நான் பூட்டித் தரவேண்டும், கூலி கிடையாது. முதல் ஞாயிறு செமினி மேட்டில் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்காருவேன். வண்டி நின்றுபோனாலும் அவளாகக் கேட்கும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது.