நீ நாடு கடத்திய அமைச்சர்

மகள் பாடசாலை நாடகம் முடிந்து, முகம் கழுவாமல் வந்து என் மடியில் சாய்ந்தாள். தேங்காய் எண்ணெயில் குழைத்த பவுடர் மணம். உடனே உன் ஞாபகம்தான் வந்தது, கூடவே எரிச்சலும். நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்படி எழுதக் கூடாதுதான். செத்த வீட்டில் எல்லோரும் "தங்கமான புள்ள" என்றார்கள். அங்கே சொல்ல முடியாததை உன்னிடமே சொல்கிறேன்.

நாம் பத்தாம் ஆண்டு படித்தபோது போட்ட நாடகத்தில் ஆண் வேடம் கட்டி நீ அரசன், நான் அமைச்சர். அமைச்சரை அரசன் நாட்டை விட்டுத் துரத்துவதுதான் கதை. அந்த மாதம்தான் உன் அம்மா உன் அப்பாவைத் துரத்தியிருந்தார். நம் பக்கம் வீடு பெண்ணுக்குத்தானே, சண்டை முற்றினால் பையைத் தூக்குவது ஆண். அவர் பழுகாமத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒத்திகையில் நீ வசனத்தை விட்டுவிட்டு என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாய். "இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. உடுப்பத் தூக்கிற்று ஒன்ட அக்காட்ட போ!" உன் அம்மா முற்றத்தில் நின்று கத்தியது அப்படியே. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் தள்ளினாய். என் முழங்கை உரிந்தது. "நடிப்புத்தானே புள்ள, பொறுத்துக்க" என்றார் டீச்சர். பொறுத்தேன். எனக்கு அந்த வேடம் வேண்டியிருந்தது. வேறெதிலும் நான் கெட்டிக்காரி இல்லை.

விழாவன்று உன் அப்பா வந்து முன்வரிசையில் இருந்தார். நீ கண்டுவிட்டாய். துரத்த வேண்டிய இடத்தில் என் கையைப் பிடித்து, "போகாதீங்க" என்று அழத் தொடங்கினாய். என் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன், கையை இழுத்துப் பார்த்தேன். நீ விடவில்லை. திரையை இழுத்து மூடினார்கள்.

உள்ளே வந்ததும் டீச்சரிடம் என்ன சொன்னாய்? "இவள்தான் வசனத்த மாத்திச் சொல்லிக் குழப்பினவள்." அழுகிற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? அடுத்த வருடம் நாடகத்தில் எனக்கு இடமில்லை. அதன்பிறகு நான் மேடை ஏறவே இல்லை.

உன் வீட்டு நிலைமை எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியதால் ஆத்திரம் குறையவில்லை. அம்மா அப்பாவுக்குச் செய்ததை எனக்குச் செய்தாய். அப்பாவிடம் கெஞ்ச வேண்டியதை என்னிடம் கெஞ்சினாய். எதிரில் நின்றது நான் என்பது உனக்குத் தெரியவே இல்லை.

பிறகு எத்தனை முறை சந்தையிலும் களுதாவளைக் கோயிலிலும் கண்டுகொண்டோம். "என்னகா, சுகமா?" என்பாய். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். இனிக் கேட்க நீ இல்லை. இந்தக் கோபத்தை நான்தான் வைத்திருக்க வேண்டும்.