நீங்கள் போடாத முறைப்பாடு

அண்ணை,

இன்று காலை துணி அழுத்துகிற சூட்டு உருளைக்குள் ஒரு படுக்கைவிரிப்பு சிக்கிக் கருகிவிட்டது. எங்கள் சலவை லோன்றி முழுக்க அந்த மணம். கருகல் மணம் வந்தால் மடிக்கிற மேசையில் முதலில் நிமிர்கிறவர் நீங்கள்தான். என் கண் தன்பாட்டில் அங்கே போனது. வேறொருவர் நின்று தலையணையுறை மடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கந்தோர் அறையில் இருந்தேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. "அழுதாவது தொலையுங்கோவன்" என்கிறாள் மனைவி. வந்தால் அழமாட்டேனா?

நீங்களும் நானும் ஒரே ஹொட்டேலின் நிலக்கீழ் அறையில் துவாய் தோய்த்தவர்கள். பிறகு நான் ஸ்காபரோவில் ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு பழைய இயந்திரத்தோடு முதலாளியானேன். ஓ.எல். சோதனையில் ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டை விட்டவன் முதலாளி. ஊரில் சங்கத்துச் செயலாளராக இருந்த நீங்கள் என் முதல் தொழிலாளி. "கனடா எண்டால் இப்பிடித்தான், எல்லாம் தலைகீழ்" என்று சிரித்தீர்கள்.

என் நிர்வாகம் தொலைபேசியில் நடந்தது. பின்னேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் அடித்து, "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்கோ" அல்லது "நாளைக்கு வேண்டாம்" என்று சொல்வேன். என் அழைப்பு வரும்வரைக்கும் அந்த வீடுகளில் ஒருவரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். அது எனக்கு மரியாதைபோலத் தெரிந்தது.

"ஆருக்கு எண்டைக்கு வேலை எண்டு ஒரு கிழமைக்கு முதலே எழுதிச் சுவரில ஒட்டும்" என்றீர்கள். "பிள்ளையளை ஆரிட்ட விடுறது எண்டு தெரியாமச் சனம் தவிக்குது."

"அண்ணை, நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி. குடும்பத்துக்கு என்ன பட்டியல்?"

"குடும்பத்தில ஆரும் போன் எடுத்து, நாளைக்கு வராதை எண்டு சொல்லுறேல்லை."

மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் பகிடி விட்டேன். நான்காவதாக நீங்கள் கேட்கவில்லை. லோன்றியில் யூனியன் அமைக்கத் தொழிற்சங்கத்தின் விண்ணப்பம் வந்தது. ஐந்து வேலைநாளில் வாக்கெடுப்பு. ஒழுங்குபடுத்தியவர் யார் என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. லோன்றியில் வடிவாக எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. எனக்கு நானே செத்தவீடு கொண்டாடியதுபோல இருந்தேன்.

சட்டத்தரணி தெளிவாகச் சொன்னார்: வெருட்டாதே, ஒன்றும் தருவதாகச் சொல்லாதே, யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்காதே, தொழிலாளர் வீட்டுப் படி மிதிக்காதே. எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். ஆனால் மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள், அடுத்த மாதம் சாமத்தியவீடு. அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று. புருசனும் பெண்சாதியுமாகப் போய்க் கையில் கொடுக்காவிட்டால் எங்களுக்கு அது அழைப்பே இல்லை. சட்டத்தரணி வெள்ளைக்காரர், அவருக்கு இது விளங்காது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். வாக்கெடுப்பு முடிய ஆறுதலாகப் போயிருக்கலாம். அது மனதில் வராமல் இல்லை, வந்ததைத் தள்ளிவிட்டேன்.

நாலு பின்னேரத்தில் இருபது வீடு. யூனியன் என்ற சொல்லை வாயால் எடுக்கவில்லை, சத்தியமாக. ஆனால் போன இடமெல்லாம் ரீவியை நிறுத்தினார்கள். நல்ல கதிரையை எனக்கு விட்டுவிட்டுத் தாங்கள் நின்றார்கள். ஒரு வீட்டில் உருளையில் வேலை செய்யும் பிள்ளை தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "அங்கிள், எங்கட வேலைக்கு ஒண்டும் வராதே?" என்று கேட்டாள். "சாமத்தியவீட்டுக்குக் கட்டாயம் வாங்கோ" என்றேன். அதுதான் என் பதில். பதில் நன்றாக வேலை செய்யும் என்று அந்த நேரமே எனக்குத் தெரிந்தது.

இருபத்தோராவது உங்கள் வீடு. பதினோராம் மாடி. கதவைத் திறந்தீர்கள், ஆனால் வழி விடவில்லை. உங்களுக்குப் பின்னால் உங்கள் மனுசி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, நின்றா. என் மனைவி குங்குமமும் கற்கண்டும் வைத்த தட்டத்தோடு நடைபாதையில் நின்றாள்.

"நீர் இருபது வீட்டுக்குப் போட்டு வாறீர் எண்டு தெரியும்" என்றீர்கள். "உள்ள வந்தீரெண்டால், வாக்கெடுப்புக்கு முதல் நீர் வீடு வீடாத் திரிஞ்சதுக்கு நானும் சாட்சியாப் போயிடுவன். வாக்கெடுப்பு முடிய வாரும்."

"அண்ணை, பிள்ளையின்ர விசயம்…"

"அதுதான் சொல்லுறன். முடிய வாரும்."

லிஃப்ட்டில் இறங்கும்போது மனைவி தட்டத்தை என் கையில் தந்தாள். நான் ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

யூனியனுக்கு ஒன்பது. வேண்டாம் என்று பன்னிரண்டு. இரண்டு பேர் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும்.

சட்டத்தரணி வாழ்த்துச் சொல்ல அடித்தார். இருபது வீட்டுக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். எந்தெந்த நாள் போனது என்று கேட்டுக் குறித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "யூனியன்காரர் தொழிலாளர் சபையில் ஒரு முறைப்பாடு போட்டால் போதும். சபை வாக்கைத் தள்ளிவிட்டு யூனியனைக் கொடுத்துவிடும்."

தபால்காரரைக் கண்டால் வாசலுக்கு ஓடுவேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை. ஒன்றும் வரவில்லை. கடைசியில் தாங்கமுடியாமல் மடிக்கிற மேசைக்கு வந்து உங்களுக்கு முன்னால் நின்றேன். கை நிறுத்தாமல் மடித்தீர்கள்.

"யூனியன்காரர் ஒவ்வொரு நாளும் அடிச்சுக் கேக்கினம், எழுதித் தா எண்டு" என்றீர்கள். "எழுதினால் விசாரணை. இருபது வீட்டுச் சனத்தையும் கூப்பிட்டு, முதலாளி ஏன் வந்தவர் எண்டு கேப்பினம். பிள்ளை சாமத்தியப்பட்டதைச் சொல்ல வந்தவர் எண்டு அதுகள் சொல்லவேணும். அதை மொழிபெயர்க்க ஒருத்தர், எழுத ஒருத்தர். உந்தப் பிள்ளையின்ர பேர் உதுக்குள்ள ஏன்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ அண்ணை?" என்றேன்.

"நீர் குடிச்ச குடியில இருபது வீட்டிலயும் சீனி முடிஞ்சு போச்சாம்" என்றீர்கள். சிரிக்கவில்லை.

முடிய வாரும் என்றீர்கள். நான் வரவில்லை. வென்றவனுக்கு அந்தப் பதினோராம் மாடி பெரிய உயரமாக இருந்தது. அழைப்புச் சொல்லாத சாமத்தியவீட்டுக்கு நீங்களும் அக்காவும் வந்தீர்கள். மகளின் தலையில் கை வைத்தீர்கள், கடைசிப் பந்தியில் சாப்பிட்டீர்கள். அந்த வசந்தத்தில் அஜக்ஸ் நகரில் ஒரு களஞ்சியசாலைக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் போய் மூன்றாம் மாதம் சுவரில் வேலைப் பட்டியல் ஒட்டினேன், என் சொந்த யோசனைபோல. ஒன்பதில் மிஞ்சிய எட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை.

இருபது வீட்டுத் தேத்தண்ணிக் கதையை எங்கே சொன்னாலும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். "கடைசியில வோட்டிலயும் வெண்டிட்டன்" என்று முடிப்பேன். உங்கள் செத்தவீட்டில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு வேறு கதை தெரியாது. அதையே சொன்னேன், அப்படியே முடித்தேன். கொஞ்சம் சிரித்தார்கள். முன்வரிசையில் அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. முறைப்பாட்டுக் கதை அவவுக்குத் தெரியாதிருக்குமா?

நான் வெல்லவில்லை அண்ணை. நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மகளுக்குப் பதினாறு வயதாகிறது. அவளும் அந்தத் தேத்தண்ணிக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறவள்தான். மிச்சத்தை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் அவளுடைய பெயர் இருக்கிறது.