பதினொரு மணி மறுஒளிபரப்பு

சின்னவளுக்கு,

என் சமையல் புத்தகத்தின் ஒன்பதாவது பதிப்பு வந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். போன தடவை மாதிரி பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடாதே. அட்டையில் நான் சிரிக்கிறேன், வழக்கம்போல.

நம் பழைய நிகழ்ச்சியைத் தினமும் காலை பதினொரு மணிக்கு மறுபடி போடுகிறார்கள். முகம் என்னுடையது, வெங்காயம் நறுக்கும் கைகள் உன்னுடையவை. "உங்க விரல் கட்டையா இருக்கும்மா, டிவிக்கு ஆகாது" என்று டைரக்டர் சொன்னதும், "நீ பேசுக்கா, நான் பக்கத்துல நின்னு நறுக்கறேன்" என்று வந்தவள் நீ. பன்னிரண்டு வருடம் நின்றாய். கடைத்தெருவில் என்னை அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்கள். நான் பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.

நேற்று, எண்ணெய்ச் சட்டி உன் மேல் சாய்ந்த அன்று எடுத்ததைப் போட்டார்கள். நிறுத்தினால் முதலிலிருந்து எடுக்க வேண்டுமே என்று, கேமராவைப் பார்த்துச் சிரித்து, "பொன்னிறமானதும் இறக்கிடுங்க" என்று முடித்தேன். அதற்கப்புறம்தான் உன் பக்கம் திரும்பினேன். உன் அலறலை எடுத்துவிட்டு அங்கே இசை சேர்த்திருக்கிறார்கள். டிவியை அணைத்த பிறகும் அந்த இசைக்கு அடியில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒன்றை மட்டும் வெட்ட மறந்துவிட்டார்கள். திரையின் ஓரத்தில் உன் கை என் கையைத் தேடி இரண்டு முறை நீள்கிறது.

என் கை சும்மாதான் இருந்தது.

உன் அக்கா