கப்பல் வந்த பிறகு

என் வாண்டுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வரியில் எழுதிவிட முடியவில்லை. அவருக்கு இதயத்தில் வால்வு ஒன்று பழுதாகிவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயப்படாதே, மாடிப்படிதான் ஏற முடியவில்லை, வாய் வழக்கம்போலத்தான். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். நீ போன் பண்ணும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து முறைப்பார். இப்போது அவரேதான் எழுதச் சொன்னார். அது எப்படி என்று கேள்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி வந்த நாளிலிருந்து அவருக்கு வீடே தியேட்டர். பழைய படமாகத் தேடித் தேடிப் பார்க்கிறார். கடையை மூடினாலும் தையல்காரர் புத்தி போகவில்லை, கதாநாயகன் அழுகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, அந்தக் காலரை எப்படி வெட்டியிருக்கிறான் பார் என்பார். ரிமோட்டை அளவுநாடா மாதிரி கழுத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை. எனக்கும் நடுவில் எழுந்துபோய்ப் பாலை இறக்கிவைக்க வசதி, பொய் சொல்வானேன். நம் கப்பல் படத்தையும் பார்த்தோம். மகள் வருவாள் என்று துறைமுகத்தில் கிழவர் காத்திருப்பாரே, அதுதான். சின்ன வயதில் கேசட் போட்டுப் பார்க்கும்போது தூரத்தில் கப்பல் தெரிந்ததும் நீ கைதட்டுவாய், அவ்வளவுதான் படம், எழுந்திருங்கள் என்று அப்பா அணைத்துவிடுவார். இப்போதும் அதே இடத்தில்தான் அணைத்தார்.

போன வாரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தியேட்டரில் அதே படத்தைப் புதுப்பித்துப் போட்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவரோடு ஒரு தடவையாவது வெளியே போய்வர வேண்டும் என்று எனக்கு. டாக்டரைக் கேட்டேன், தாராளமாகப் போங்கள் என்றார். இவர்தான் பிகு பண்ணினார். வீட்டிலேயே இருக்கிற படத்துக்கு எதற்கு டிக்கெட், காலை நீட்ட முடியாது, ஏசி குளிரும் என்று என்னென்னவோ சொன்னார். நான் விடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, திரை முழுக்கக் கடல் வந்தபோது எனக்குப் பால் ஞாபகமே இல்லை. அந்தக் கிழவருக்குக் கை நடுங்குவதே அங்கேதான் கண்ணில் பட்டது. கப்பல் தெரிந்தது. இவர் உடனே முடிந்தது, வா என்று எழுந்துவிட்டார். நாங்கள் இருந்ததோ வரிசைக்கு நட்டநடுவில். பின்னால் இருந்தவர் உட்காருங்கள் பெரியவரே என்றார், உட்கார்ந்தார். படம் நிற்கவில்லை. கப்பல் கரைக்கு வந்தது, மகள் இறங்கினாள், பெட்டியோடு ஓடிவந்தாள். கிழவர் பெஞ்சில் தூங்குகிற மாதிரி சாய்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடமாக நீயும் நானும் சுபம் என்று நினைத்துக்கொண்டிருந்த படம் இது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தியேட்டரில் பார்த்துவிட்டு, நமக்குக் காட்டாமலே வைத்திருந்திருக்கிறார் மனுஷன். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வந்தது. விளக்குப் போட்டதும் அவர் முகத்தைப் பார்த்தேன், கேட்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். பாதியிலேயே டம்ளரை வைத்துவிட்டு, "அவளுக்கு எழுது. ஆபரேஷன்னே எழுது. ஆனா வரச் சொல்லாதே, வேலையைக் கெடுத்துக்கப் போறா" என்றார். எழுதிவிட்டேன். வரச் சொல்லாதே என்றது அவர். நான் சொல்கிறேன், வா. ஆபரேஷனுக்கு முன்னால் வா. எனக்குத் தனியாகப் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது புறப்படு. வழியில் பட்டினி கிடக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். நேற்று அந்தப் படத்தை டிவியில் கடைசிவரை ஓட விடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் வரட்டும், மூன்று பேருமாகப் பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா