இந்த மண் கரிக்கவில்லை

காஷ்மீர்
ஜூன் 2006

அன்புள்ள அப்பாவுக்கு மணிவண்ணன் எழுதுவது. நான் நலம். மரக்காணத்து உப்பளத்தில் வெயில் எப்படி? உங்கள் கால் வெடிப்பு ஆறியதா?

பூகம்பத்தில் இடிந்த இந்த ஊரில், மரச்சட்டங்களுக்கு நடுவே இங்கத்திய கல்லையும் மண்ணையும் அடைத்து வீடு கட்டுகிறோம். நம் ஊர்ப் பழக்கத்தில், உப்பு மண்ணா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கரிக்கவே இல்லை அப்பா.

நேற்று நிலம் லேசாக ஆடியது, பயப்படாதீர்கள். நாங்கள் சாரத்திலிருந்து குதித்து வெளியே ஓடினோம். வீட்டுக்காரப் பெண் ஷமீமா மட்டும் கூடாரத்திலிருந்து கைக்குழந்தையோடு நாங்கள் அவளுக்குக் கட்டும் புது வீட்டுக்குள் ஓடினாள். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“ஏம்பா, கட்டுன நாம வெளிய ஓடியாந்துட்டோம், அந்தப் பொண்ணு உள்ள போவுது பாரு” என்றார் பலராமன் மேஸ்திரி.

இங்கே டீயில் உப்புதான் போடுகிறார்கள். நம் உப்பு ஒரு பை அனுப்புங்கள். அந்த வீட்டில் கொதிக்கிற முதல் டீ நம் ஊர் உப்பில் இருக்கட்டும். தபால் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது.

மணி