உன் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டோம், குமரேசா

என் செல்லத் தம்பி குமரேசா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த மாதிரி கடிதத்தை அழுதுகொண்டே எழுத வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை என்பாயே, அப்படிச் சேர்ந்துபோன கோபம் முழுவதையும் உன்னிடம் இறக்கப் போகிறேன். நடுவில் குறுக்கிட உன்னால் முடியாது. பேசாமல் கேள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பிக்கு நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி ஏற்றிப்போகிற ரப்பர் பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை. கடலைப் பார்க்க நெய்வேலிக்காரர்கள் பஸ் ஏறித்தான் போக வேண்டும். இவனோ குவார்ட்டர்ஸ் பின்பக்கம், முருங்கை மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில், ஒரு பழைய பாய்மரப் படகை வைத்திருந்தான். புதுச்சேரியில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன படகு. பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்துச் செய்தது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து பிளாக் முழுக்க இவன் வீட்டுக்கு 'கப்பல்காரர் வூடு' என்றுதான் பெயர். வருஷத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ டிராக்டரில் வைத்துக் கடலூருக்குக் கொண்டுபோய்ப் பாய் விரிப்பான். மற்ற நாட்களில் சுரண்டுவான், தேய்ப்பான், வார்னிஷ் அடிப்பான். அடித்த வார்னிஷ் காய்வதற்குள் நிலக்கரித் தூசி வந்து உட்காரும். மறுபடியும் தேய்ப்பான்.

சரி, உன்னிடம் வருகிறேன். உன் காரியத்துக்கு உன் படகுச் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். இதே மாதிரி மரப்படகு வைத்துக்கொண்டு ஊர் ஊராக உட்கார்ந்திருக்கிறவர்கள். சென்னையிலிருந்து ஒரு டாக்டர், புதுச்சேரியிலிருந்து ஒரு வக்கீல், இன்னும் ஒருவர். கையில் மாலை இருந்தது. போட்டோ இருந்த கூடத்துக்கு வரவில்லை, குமரேசா. நேராகப் பின்பக்கம் போனார்கள். விரலை மடக்கிப் பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள், நாடி பார்க்கிற மாதிரி. அப்புறம்தான் உன் மனைவி செல்வியின் முன்னால் வந்து நின்றார்கள். டாக்டர் கேட்டார்: "என்னம்மா, இப்படிக் காய விட்டுட்டீங்களே?"

புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? செல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்க காய விட்டது? தண்ணி ஊத்தற ஆளு காட்டுக்குப் போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே அவர்களை விரட்டியிருப்பேன். ஆனால் வந்தவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். பேசப் பேச அந்த மூன்று பேர் கண்ணிலும் ஈரம். இந்தப் படகில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வக்கீலிடம் கேட்டேன். ஃபைபர் படகு வாங்கினால் வெயிலில் போடலாம், மழையில் போடலாம், ஒரு வருஷம் திரும்பிப் பார்க்காமல் விடலாம். அப்படியிருக்க இதை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? அவர் சிரித்தார். "ஃபைபர் படகுக்கு நான் தேவையில்லைங்க டீச்சர். இதுக்கு நான் இல்லன்னா ஆவாது."

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்கள். தானே படித்து, தானே எழுதி, தானே மார்க் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் பெயர்கூட வாத்தியாருக்குச் சட்டென்று ஞாபகம் வராது. தினமும் தலையில் கைவைத்துச் சொல்லித்தர வேண்டிய பிள்ளையிடம்தான் பாசம் போய் ஒட்டும். உன் வீட்டில் நடந்ததும் அதுதானே? செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்டுக்குப் போனாள், சமைத்தாள், மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தாள், நம் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். எதற்கும் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் நீ வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டாயா? லீவு போட்டால் படகு, போனஸ் வந்தால் வார்னிஷ். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் பலகைகளுக்குக் கொடுத்தாய், தம்பி?

இப்போது படகுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். கோடையில் நீ ஒருநாள் விடாமல் ஈரச் சாக்கு போர்த்திவைப்பாய். நீ போன பிறகு யார் போர்த்துவது? சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கின. இடுக்குகள் வாய் திறந்தன. ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கத்து முருங்கை மரம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சொகுசு விடுதி நடத்துகிற ஒருவர் வந்தார். படகைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை வரவேற்பறையில் நட்டுவைத்து, அலமாரித் தட்டுகள் போட்டு விளக்கு மாட்டுவாராம். "வர்றவங்க எல்லாம் இதுகூட நின்னு செல்ஃபி எடுப்பாங்க மேடம்" என்றார். செல்வி உடனே சரி என்றாள். இந்த வருஷக் கடைசியில் அவளுக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். புது வீட்டு மாடிப்படியில் படகையும் ஏற்றச் சொல்கிறாயா?

அவளிடம் கெஞ்சியது நான்தான். உன் ஆசைக்காகக் கெஞ்சவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள். ஒரு பெண்ணின் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற பொருள், யாரோ தோளில் கைபோட்டுப் படம் எடுக்கிற பொம்மையாகப் போகக் கூடாது. இன்னும் ஒரே ஒரு தடவையாவது அது படகாகத் தண்ணீரில் நிற்க வேண்டும். செல்வி யோசித்துச் சொன்னாள்: "சரி அண்ணி. எனக்கு வேல முடியறதுக்குள்ள தண்ணியில நின்னா நிக்கட்டும். நிக்கலன்னா அந்த ஆளு அறுத்துகினு போவட்டும். அப்புறம் நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது."

படகைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று கலியமூர்த்தியிடம் சொன்னேன். உன்னோடு பெல்ட் ஜாயின்ட் போட்ட அதே கலியமூர்த்தி. நான் செய்த தப்பு, சொல்லிவிட்டு மகள் ஊருக்குப் போனது. திரும்பி வருவதற்குள் உன் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து காரியத்தை முடித்திருந்தார்கள். பெல்ட் ஒட்டுகிற பசையும் ரப்பர் கலவையும் கொண்டுவந்து, திறந்திருந்த இடுக்கு ஒவ்வொன்றையும் கெட்டியாக அடைத்து, இழைத்து, மேலே கறுப்பு பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். படகு எருமை மாதிரி பளபளவென்று நின்றது.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது டீச்சர்" என்றார் கலியமூர்த்தி. முகமெல்லாம் பெருமை.

"அடப்பாவி, அதுக்குத் தண்ணி உள்ள போகணுங்க!" என்று நான் கத்தியது ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

அவர் மிரண்டுபோனார். "என்னாங்க டீச்சர் இப்பிடி சொல்றீங்க? மைன்ஸ்ல எங்க பொழப்பே தண்ணிய வெளிய நிறுத்தறதுதான். பம்ப் நின்னா அத்தினி மிஷினும் முழுகிப்பூடும். ஓட்டைய பார்த்தா அடைக்கணும்னுதான் எங்களுக்குத் தெரியும்."

அவரை எப்படிக் குறை சொல்வேன்? பூமிக்கு அடியிலிருந்து இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே வாழ்கிற ஊர் இது. ஓட்டையை அடைக்காமல் விடு என்று சொல்ல இந்த ஊரில் நீ ஒருவன்தான் இருந்தாய். நீ அதை அவர்களிடம் சொல்லவேயில்லை. எத்தனை வருஷம் ஒரே ஷிப்டில் சேர்ந்து டீ குடித்தீர்கள்! பாயைப் பற்றிச் சொன்னாய், காற்றைப் பற்றிச் சொன்னாய். மரம் தண்ணீர் குடித்து ஊதும், ஊதித் தன் இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும், அதற்கு இடம் விட வேண்டும் என்பதை மட்டும் என்னிடம்தான் சொல்லிவைத்திருந்தாய், நான் பொறுமையாகக் கேட்பேன் என்பதற்காக. அந்தப் பொறுமைக்குக் கிடைத்த தண்டனை இது.

வாயால் சொன்னால் அவர்களுக்கு விளங்கவில்லை. எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டுகிறதைச் செய்தேன். ஒரு கண்ணாடி பாட்டிலில் காய்ந்த கொண்டைக்கடலையைக் கழுத்துவரை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, படகின்மேல் வைத்தேன். "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வாங்க" என்றேன். மறுநாள் வந்தார்கள். பாட்டில் இரண்டாகப் பிளந்து, கடலை வெளியே பிதுங்கிக் கிடந்தது.

"இந்தக் கடலைதான் பலகை. நீங்க அடைச்ச ரப்பர்தான் மூடி. தண்ணில இறக்கினா பலகை ஊதும். ஊத இடம் இல்லன்னா உள்ளே இருக்கற வளைவுக் கட்டைங்க உடையும்."

கலியமூர்த்தி பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆசையா செஞ்சோம் டீச்சர்" என்றார்.

"தெரியுங்க" என்றேன்.

"பாட்டில ஒடைச்சீங்க, சரி. கடலைய சுண்டல் பண்ணித் தருவீங்களா, அதுவும் போச்சா?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர். கண்ணாடித் துண்டுக்கு நடுவில் கிடந்த கடலையைச் சுண்டல் செய்தால் செல்விதான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வேண்டியிருக்கும் என்றேன். எல்லோரும் சிரித்தோம். பிறகு சுரண்ட உட்கார்ந்தோம்.

அடைத்ததைவிட எடுப்பது கஷ்டம். அவர்கள் ஒட்டின ரப்பர் அவர்களுக்கே பிடிகொடுக்கவில்லை. வாரக்கணக்கில் சுரண்டினார்கள். வக்கீலும் டாக்டரும் வந்து பஞ்சுத் திரியை மெல்ல வைத்து, இளகலான மக்குப் பசை பூசினார்கள். அதிகமாக அழுத்தாதீர்கள் என்று வக்கீல் சொல்ல, பழக்க தோஷத்தில் கலியமூர்த்தி அழுத்த, அவர் கையில் வக்கீல் ஒரு தட்டுத் தட்ட, ஒரே கூத்து. செல்வி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். படகுப் பக்கம் மட்டும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன மாதம் கடலூர் உப்பனாற்றில், ஆழம் இல்லாத ஓரமாகப் பார்த்து இறக்கினோம். விடுதிக்காரரும் வந்து கரையில் நின்றார். இறக்கின கொஞ்ச நேரத்தில் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. கலியமூர்த்தியால் தாங்க முடியவில்லை. "பம்ப் வெச்சுடறேன் டீச்சர், டீசல் பம்ப் எடுத்தாந்திருக்கேன்" என்று துடித்தார். வேண்டாம், குடிக்கட்டும் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் உன் படகு விளிம்புவரை முழுகிச் சேற்றில் உட்கார்ந்தது.

விடுதிக்காரர் செல்வியிடம் வந்தார். "அவ்வளவுதான் மேடம், முடிஞ்சுது. நனைஞ்ச மரம் எனக்கு ஆகாது. நல்லாக் காய வெச்சு அனுப்பிடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். செல்வி முந்திக்கொண்டாள். "சாரு, ஆஸ்பத்திரியில ஒரு பேஷன்ட்ட சேத்த அன்னிக்கே யாரும் முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டோம். நீங்க வூட்டுக்குப் போங்க. நான் போன் பண்றேன்."

லீவு போட்டுவிட்டு அவள் கடலூரில் தன் சின்னம்மா வீட்டில் தங்கினாள். தினமும் காலையில் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். வார்டில் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி. அந்த வாரக் கடைசியில் எனக்குப் போன் வந்தது. கலியமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பம்ப் வைத்து உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தார். படகு மெல்ல எழுந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் திரும்ப வரவில்லை. பலகைகள் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டுவிட்டன.

செல்வி செருப்பைக் கரையில் விட்டாள். கலியமூர்த்தி கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே ஏறினாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படகில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உனக்குத் தெரிந்திருக்கும், இல்லையா? நடுப்பலகையில் உட்கார்ந்தாள். அலை எதுவும் இல்லை. படகு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். கையைத் தண்ணீரில் விட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது என்னுடைய அதே கோபம்.

"இவ்ளோ நல்லா இருக்குதே அண்ணி. ஏன் ஒரு நாளுகூட 'நீயும் வா'ன்னு கூப்பிடல?"

பதில் சொல், குமரேசா. எனக்குத் தெரியவில்லை.

விடுதிக்காரருக்கு அவளே போன் செய்து, இல்லை என்று சொல்லிவிட்டாள். படகு இப்போது உப்பனாற்றில்தான் கட்டிக் கிடக்கிறது. வக்கீல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளுக்குப் பாய் கட்டக் கற்றுக்கொடுக்கிறார். கயிற்றை இழுத்ததில் உள்ளங்கை தோல் உரிந்துபோயிற்று என்று காட்டினாள். மருந்து போட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். "நான் நர்ஸ் அண்ணி" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் நீ சந்தோஷப்படுகிற மாதிரியான வாக்கு இல்லை. இனி அந்தப் படகு செல்வி இல்லாமல் கரையை விட்டுப் போகாது. எந்தத் திசையில் போவது, எப்போது திரும்புவது என்பதை அவள் சொல்வாள். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் அவள் கூப்பிட்டால் நான் ஏறுவேன். ஏறி உட்கார்ந்து, நீ அவளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை சொல்லித்தருவேன்.

இன்னும் கோபம் ஆறாத, ஆற விரும்பாத
உன் கூடப்பிறந்த அக்கா,
வசந்தா